விரிசல் விட்ட கொதிகலனும் வெள்ளைப் புலிகளும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையிலிருந்து முஸ்தஃபா பக்கமாக நடந்து லெம்பு ரோட்டுக்குப் போனால், கடைப் பலகைகளில் வங்காள எழுத்துகளைப் பார்ப்பீர்கள். அங்கு கூடியிருக்கும் பங்ளாதேஷ் ஊழியர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். சிட்டகாங், குல்னா, காக்ஸ் பஜார் என்று பதில்கள் வரும். அவர்களில் பலர் பிறப்பதற்கு முன்பே, 1971 டிசம்பரில், இதே ஊர்களின் பெயர்கள் ஒரு கப்பலின் விமானிகள் வைத்திருந்த வரைபடங்களில் இருந்தன.

அந்தக் கப்பலின் பெயர் விக்ராந்த். அப்போது இந்தியாவிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் அதுதான். அதிலிருந்து பறந்த சண்டை விமானப் பிரிவுக்கு இந்தியக் கடற்படை விமானப் பிரிவு 300 என்று பெயர். 'வெள்ளைப் புலிகள்' என்பது அதன் பட்டப்பெயர்.

போர்க் கதைகளில் வீரம் நிறையப் பேசப்படும். இந்தக் கதையில் வீரத்துக்குச் சமமாக இயற்பியலும் இருக்கிறது. போருக்குச் சில மாதங்களுக்கு முன், அந்தக் கப்பலைக் கடலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வியே ஓர் இரும்புக் கலனில் விழுந்த விரிசலைச் சுற்றித்தான் சுழன்றது.

முதலில் விமானத்தையும் கப்பலையும் அறிமுகம் செய்துகொள்வோம். விமானத்தின் பெயர் சீ ஹாக். பிரிட்டனின் ஹாக்கர் நிறுவனம் வடிவமைத்தது. ஒரே ஒரு விமானி, ஒரே ஒரு ரோல்ஸ் ராய்ஸ் நீன் ஜெட் எஞ்சின், மூக்கில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். கப்பலில் இடம் குறைவு என்பதால் அதன் இறக்கைகளை மடித்து வைக்கலாம். ரேடார் கிடையாது. 1960 ஜூலையில் வேல்ஸில் உள்ள பிராடி கடற்படை விமானத் தளத்தில் 300ஆம் பிரிவு தொடங்கப்பட்டது. கப்பல் இன்னும் தயாராகவில்லை, விமானிகள் முந்திக்கொண்டார்கள்.

கப்பலின் கதை இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போருக்காக 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் பிரிட்டன் அதைக் கட்டத் தொடங்கியது. 1945இல் அது நீரில் இறக்கப்பட்டபோது போரே முடிந்துவிட்டது. பாதியில் நின்ற அந்தக் கப்பலை 1957இல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரில் வேலை முடிந்து, 1961 மார்ச் 4 அன்று அது விக்ராந்த் ஆனது. அதே ஆண்டு மே 18 அன்று லெஃப்டினன்ட் தாஹிலியானி முதல் சீ ஹாக்கை அதன் மேல்தளத்தில் இறக்கினார். பிற்காலத்தில் இந்தியக் கடற்படைத் தலைமைத் தளபதியானவர் அவர்தான்.

கப்பலின் நீளம் சுமார் 213 மீட்டர். சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதை 4,000 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், கடற்படை விமானிகளின் பிரச்சினை என்னவென்று உங்களுக்கே புரிந்துவிடும்.

காற்றை எப்படிக் கடன் வாங்குவது?

காற்றே இல்லாத ஒரு நாளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டுங்கள். முகத்தில் காற்று அடிக்கும். அது நீங்களே உண்டாக்கிய காற்று. எதிர்க்காற்றும் இருந்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் வேகமாக அடிக்கும். பள்ளியில் ரிலேட்டிவ் வெலாசிட்டி என்று படிக்கிறீர்களே, அந்தச் சார்பு வேகம்தான் இது.

விமானத்தின் இறக்கைக்குத் தேவைப்படுவதும் இந்தச் சார்பு வேகமே. கீழே இருக்கும் தளத்தை ஒப்பிட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறோம் என்பது இறக்கைக்குத் தெரியாது. தன்னைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம் மட்டுமே அதற்குக் கணக்கு. ஆகவே விமானந்தாங்கிக் கப்பலில் மூன்று வேகங்களைக் கூட்டுகிறார்கள். காற்று வரும் திசையை நோக்கிக் கப்பலைத் திருப்புவார்கள். அப்போது இயற்கைக் காற்றின் வேகம் கிடைக்கும். கப்பலை முழு வேகத்தில் ஓட்டுவார்கள். கப்பலின் வேகமும் சேரும். மீதியை நீராவிக் கவண் தரும்.

கவண் என்றதும் மாங்காய் அடிக்கும் உண்டிவில் நினைவுக்கு வரலாம். வேலை ஒன்றுதான், அளவுதான் வேறு. மேல்தளத்துக்கு அடியில் நீண்ட உருளைகள். அவற்றுக்குள் பிஸ்டன்கள். உயர் அழுத்த நீராவியைத் திடீரென்று திறந்துவிட்டால் பிஸ்டன்கள் சீறிப் பாயும். அவற்றோடு இணைந்த ஒரு கொக்கி மேல்தளத்தின் பிளவு வழியாக நீட்டிக்கொண்டிருக்கும். விமானத்தை அந்தக் கொக்கியோடு வலுவான கம்பிவடத்தால் பிணைத்திருப்பார்கள். சில விநாடிகளில் விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். கம்பிவடம் கழன்று விழ, பிஸ்டன்கள் எதிரே இருக்கும் நீரில் மோதி நிற்கும்.

பிரிட்டனின் காலின் மிட்சல் உருவாக்கிய இந்தக் கருவியை 1950இல் 'பெர்சியஸ்' என்ற கப்பலில் சோதித்தார்கள். இதே கருவி பொருத்திய பிரிட்டிஷ் விமானந்தாங்கிகள் நம் செம்பவாங் துறைக்கும் வந்து போயிருக்கின்றன. கப்பல் துறையில் நிற்கும்போது அதன் விமானங்கள் செம்பவாங் விமானத் தளத்தில் தங்கும். உங்கள் தாத்தா பாட்டி அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் என்றால் கேட்டுப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கவணை இயக்குவது நீராவி. கப்பலின் டர்பைன்களைச் சுழற்றுவதும் நீராவி. இரண்டுக்கும் நீராவி தருபவை விக்ராந்தின் வயிற்றில் இருந்த நான்கு கொதிகலன்கள். 1970இல் அந்தக் கொதிகலன்களின் நீர்க்கலன்களில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

சாஸேஜ் ஏன் நீளவாக்கில் வெடிக்கிறது?

கொதிக்கும் நீரில் சாஸேஜைப் போட்டிருப்பீர்கள். அது வெடிக்கும்போது பெரும்பாலும் நீளவாக்கில்தான் பிளக்கும், மோதிரம்போல் குறுக்கே வெட்டுப்படாது. உருளை வடிவக் கலனுக்குள் அழுத்தம் இருந்தால், அதன் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை, நீளவாக்கில் இழுக்கும் விசையைப் போல இரண்டு மடங்கு. அதனால் சுற்றுவாக்குப் பிடிப்புத்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். கொதிகலனின் நீர்க்கலனும் ஓர் இரும்பு சாஸேஜ்தான். அழுத்தம் கூடினால் சுவர் மீதான இழுவிசையும் அதே விகிதத்தில் கூடும்.

இப்போது உணவங்காடியில் கிடைக்கும் மிளகாய் சாஸ் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் சுலபமாகக் கிழிகிறது. வெட்டு இல்லாவிட்டால் பல்லால் கடிக்க வேண்டியிருக்கிறது. பொட்டலத்தின் மொத்த வலிமை குறையவில்லை. ஆனால் நாம் கொடுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் முனையில் போய்க் குவிகிறது. உலோகத்தில் விழும் விரிசலும் அப்படியே. கொதிகலன் சூடாகி ஆறி, மீண்டும் சூடாகி ஆறி, பல ஆண்டுகள் இப்படி விரிந்து சுருங்கும்போது உலோகம் களைத்துப்போகும். காகிதக் கிளிப்பை மாறி மாறி வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அந்தக் களைப்புதான்.

வெல்டிங் செய்து அடைக்க முடியாது என்று முடிவாயிற்று. புதிய கலன்கள் இந்தியாவில் கிடைக்கவில்லை. பிரிட்டனில் ஆர்டர் கொடுத்தார்கள். கொதிகலன்களைப் பற்ற வைக்கவே கூடாது என்று உத்தரவு வந்தது. பல மாதங்கள் பம்பாய்த் துறையில் கப்பல் சும்மா கிடந்தது.

இதற்கு முன்பே கடற்படைக்கு ஒரு வடு இருந்தது. 1965ஆம் ஆண்டுப் போரின்போதும் விக்ராந்த் பழுதுபார்ப்பில்தான் இருந்தது. இரண்டாவது போரிலும் துறைமுகத்திலேயே நின்றால், இவ்வளவு பணம் போட்டு இந்த வெள்ளை யானையை ஏன் வைத்திருக்கிறோம் என்று கேட்பார்கள் அல்லவா? ஆனால் இன்னொரு பக்கத்தையும் யோசியுங்கள். கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருப்பார்கள். கொதிகலன் அறையில் வேலை செய்பவர்கள் அந்த விரிசலுக்குச் சில அடி தூரத்தில் நிற்க வேண்டும். கலன் வெடித்தால், 200 டிகிரிக்கு மேல் சூடேறிய நீர் ஒரு நொடியில் நீராவியாகப் பொங்கும். நீர் ஆவியாகும்போது, சாதாரணக் காற்றழுத்தத்தில், அதன் கனஅளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்த அறையிலிருந்து ஓடித் தப்ப நேரம் இருக்காது.

1971 மார்ச்சில், புதிய கலன்கள் வராமலேயே, குறைந்த அழுத்தத்தில் கொதிகலன்களைப் பற்ற வைத்துச் சோதித்தார்கள். மிக மோசமான கொதிகலனை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றைக் கொண்டு ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். அந்த மூன்றையும் சுற்றி எஃகுப் பட்டைகள் கட்டினார்கள். நீராவிக் கசிவை உடனே பார்க்கக் கண்காணிப்புச் சன்னல்கள் பொருத்தினார்கள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதுவே கொஞ்சமான அழுத்தம் அல்ல. ஓர் அஞ்சல்தலை அளவு இடத்தின்மீது 180 கிலோ எடையை ஏற்றி வைப்பதற்குச் சமம்.

விலை என்ன? வேகம். 24.5 நாட் ஓடவேண்டிய கப்பல் 14, 16 நாட் அளவில்தான் ஓடியது. (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.) இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. கப்பலை நீரில் தள்ளத் தேவையான ஆற்றல், வேகத்தின் மும்மடியைப் பொறுத்து ஏறக்குறைய மாறும். 24.5இலிருந்து 15 நாட்டுக்குக் குறைத்தால் வேகம் ஐந்தில் மூன்று பங்காகிறது. தேவைப்படும் ஆற்றலோ கால் பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். வேகத்தைக் கொஞ்சம் தியாகம் செய்தால் கொதிகலனின் சுமை எவ்வளவு இறங்குகிறது! அந்தப் பொறியாளர்களின் முடிவு வெறும் துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை. கணக்குப் போட்ட துணிச்சல் அது.

ஆனால் மேல்தளத்தில் இருந்தவர்களுக்கு அதே கணக்கு தலைவலி. எளிமைக்காக முழு எண்களை வைத்துப் பார்ப்போம். 6 டன் எடையுள்ள விமானம் பறக்க மணிக்கு 200 கிலோமீட்டர் காற்று வேகம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கவண் 155 தருகிறது. கப்பல் முழு வேகத்தில் ஓடினால் 45. கூட்டினால் சரியாக 200, விமானம் எழும்பிவிடும். கப்பல் 15 நாட்டில் ஓடினால் 28தான் கிடைக்கும். மொத்தம் 183. இறக்கை தரும் ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 183ஐயும் 200ஐயும் வர்க்கம் செய்து வகுத்தால் சுமார் 0.84 வரும். அதாவது 6 டன்னைத் தூக்க வேண்டிய இறக்கை இப்போது 5 டன்னைத்தான் தூக்கும். மணிக்கு 17 கிலோமீட்டர் குறைந்ததற்கு ஒரு டன் எடை நஷ்டம். இரண்டு 500 பவுண்டு குண்டுகளைச் சேர்த்தாலே 450 கிலோதான். ஆக, ஒன்று காற்று நன்றாக வீச வேண்டும், இல்லையேல் குண்டையோ எரிபொருளையோ குறைக்க வேண்டும்.

வடக்கு வங்கக் கடலில் டிசம்பர் மாதக் காற்று பெரும்பாலும் மென்மையாகத்தான் வீசும். அதுவும் வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வரும். அந்தக் காற்றை நோக்கித் திரும்பினால் கப்பலின் மூக்கு எதிரியின் கரையைப் பார்க்கும். விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி முடியும்வரை, திசை மாறாமல், மெதுவாக, அந்தக் கரையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பக்கத்தில் இருந்தால் இதைவிடச் சுலபமான இலக்கு கிடைக்காது.

நாகர்கோவில்காரரின் பொய்த் தந்தி

நீர்மூழ்கிக் கப்பல் உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தது. பாகிஸ்தானின் 'காஸி' 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து புறப்பட்டு, விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்தது. அப்போது இந்தியாவின் கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். மெதுவாக ஓடும் கப்பலை வேகத்தால் காப்பாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும். எனவே அதை இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டினார்.

விக்ராந்தை அந்தமான் தீவுகளுக்கு அனுப்பி ஒளித்து வைத்தார்கள். 'ராஜ்புத்' என்ற பழைய போர்க்கப்பல் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் போய், தான்தான் விக்ராந்த் என்பதுபோல வானொலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. விசாகப்பட்டினச் சந்தையில் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு உணவுப் பொருட்களுக்குச் சொல்லி வைத்தார்கள், செய்தி கசியட்டும் என்று. எல்லாவற்றுக்கும் மேலாக, விக்ராந்தின் மாலுமி ஒருவர் உடல்நலமில்லாத தம் தாயை விசாரிப்பதுபோல ஒரு தந்தி, ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல் அனுப்பப்பட்டது. தாயை விசாரிக்கும் தந்தியை யார் சந்தேகப்படுவார்கள்!

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளே காரணம் என்று இந்தியா சொல்கிறது. காஸி தானே விதைத்த கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம் என்பது பாகிஸ்தான் தரப்பு. 

மறுநாள் காலை, டிசம்பர் 4 அன்று, கரையிலிருந்து சுமார் 60 கடல் மைல் தொலைவில் விக்ராந்த் காற்றை நோக்கித் திரும்பியது. எட்டு சீ ஹாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவணிலிருந்து பாய்ந்தன. இலக்கு காக்ஸ் பஜார் விமான நிலையம். அன்றே சிட்டகாங் துறைமுகமும் விமானத் தளமும் தாக்கப்பட்டன. தலைமை தாங்கியவர் பிரிவின் தளபதி லெஃப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா. அடுத்தடுத்த நாட்களில் குல்னா, மோங்லா என்று தாக்குதல்கள் தொடர்ந்தன. விக்ராந்தில் இருந்த இன்னொரு பிரிவான 310, பிரெஞ்சு அலிசே விமானங்களை ஓட்டியது. விசிறி எஞ்சின் கொண்ட, மூன்று பேர் அமரும், ரேடார் பொருத்திய விமானம் அது. இருட்டிய பிறகு வேலை செய்ய அதனால் முடிந்தது. அலிசே என்றால் பிரெஞ்சு மொழியில் வாணிபக் காற்று. காற்றுக்காக ஏங்கிய கப்பலுக்குப் பொருத்தமான பெயர்!

திரும்பி வருவதும் எளிதல்ல. தனியாக அமர்ந்த சீ ஹாக் விமானி புறப்பட்ட ஒரு மணி நேரத்தில், 15 நாட்டில் ஓடினாலும் கப்பல் 28 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, சாய்வாக அமைந்த இறங்குதளத்தின் பக்கத்தில் உள்ள கண்ணாடியில் தெரியும் விளக்கைப் பார்த்துச் சரியான கோணத்தில் இறங்க வேண்டும். வால் கொக்கி, குறுக்கே கட்டிய எஃகு வடங்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். கப்பல் மெதுவாக ஓடினால் இங்கேயும் தொல்லை. தளத்தை ஒப்பிட்டு விமானத்தின் வேகம் கூடிவிடுகிறது. வடம் உறிஞ்ச வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. கொதிகலன் அறையில் குறைத்த அழுத்தம், இப்படிக் கடைசியில் ஒரு கம்பிவடத்தில் வந்து முடிகிறது.

கீழே இருந்தவர்களையும் மறக்க வேண்டாம். துறைமுகங்களில் போர்ப் படகுகளோடு சரக்குக் கப்பல்களும் மூழ்கின. மாலுமிகள் இறந்தார்கள். அந்தப் போருக்குக் காரணமான ஒடுக்குமுறையில், அதற்கு முந்தைய மாதங்களில், ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். கடல் வழி அடைபட்டதால், கிழக்கே இருந்த பாகிஸ்தான் படைக்கு உதவி வரவோ, அது கப்பலேறித் தப்பவோ வழியில்லாமல் போனது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் அது சரணடைந்தது. பங்ளாதேஷ் பிறந்தது.

சீ ஹாக் ஒன்றுகூட இழக்கப்படவில்லை. குப்தாவுக்கும் விக்ராந்தின் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் மகா வீர் சக்ரா விருதுகள் வழங்கப்பட்டன. விரிசல் விட்ட கொதிகலன்களும் கடைசிவரை தாக்குப்பிடித்தன. அவற்றின் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

சீ ஹாக்குகளுக்குப் பின் 1983இல் 300ஆம் பிரிவுக்கு சீ ஹாரியர் விமானங்கள் வந்தன. குறுகிய தளத்திலிருந்தே எழும்பக்கூடியவை என்பதால் அவற்றுக்குக் கவண் தேவையில்லை. விக்ராந்தின் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த சாய்தளமாக மாற்றப்பட்டது. அந்தக் கப்பல் 1997இல் ஓய்வு பெற்று, சில காலம் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014இல் உடைக்கப்பட்டது. வெள்ளைப் புலிகள் இப்போது மிக்-29கே ஜெட் விமானங்களை ஓட்டுகிறார்கள்.

2022 செப்டம்பரில் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த புதிய கப்பலுக்கும் விக்ராந்த் என்றே பெயர். அதன் படத்தைப் பார்த்தால் முன்பக்கம் சறுக்குமரம்போல் மேலே தூக்கியிருப்பது தெரியும். அங்கே கவண் ஏன் இல்லை என்று கேட்கிறீர்களா? அந்தக் கப்பலை ஓட்டுபவை நான்கு எரிவாயு டர்பைன்கள். நீராவி உண்டாக்கும் பெரிய கொதிகலன்கள் அதில் கிடையாது, எனவே நீராவிக் கவணுக்கும் இடமில்லை. விமானத்தைக் கிளப்பும்போது மட்டும் அதுவும் பழைய விக்ராந்தைப் போலவே காற்று வரும் திசையைத் தேடித் திரும்புகிறது.